சுமை அளவு தெரிந்து தூக்குங்கள்

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கிரேனிலும் அது தூக்கக் கூடிய சுமை இத்தனை டன் என்று எழுதி வைத்திருக்கும். 20 டன் வரை தூக்கும் கிரேனைச் சோதிக்கும்போது, அந்த அளவுக்கு மேல் நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாக ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் வகுத்தன. 20 டன் கிரேன் சோதனையில் 25 டன்னைத் தாங்கியது என்பதற்காக, மறுநாள் வேலையில் 25 டன்னைத் தூக்க எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார். அந்த உபரி வலு காற்றுக்கும், தேய்மானத்துக்கும், மனிதர் செய்யும் தவறுக்கும் என்று ஒதுக்கி வைக்கப்பட்டது.

இந்த உண்மையை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது. வெலிங்டன் தீவுக் குடியிருப்புகளிலும், பாலத்துக்கு அப்பால் தோப்பும்படி, மட்டாஞ்சேரி வீடுகளிலும் கேமிங் லேப்டாப் வந்துவிட்டது. கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவும், ஐஸ் பிளாண்ட் தொழிலாளியும், சலவைத் தொழிலாளியும் மாதத் தவணை கட்டி மகனுக்கு வாங்கித் தருகிறார்கள். பகலில் கல்லூரிப் பாடம், இரவில் விளையாட்டு. ஆறு மாதம் போனதும் பிள்ளைக்கு வேகம் போதவில்லை. கிராபிக்ஸ் கார்டை 'ஓவர்கிளாக்' செய்தால் போதும், காசில்லாமல் வேகம் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பையனும் உட்கார்ந்துவிடுகிறான். இயந்திரம் பாழானால் தவணை மட்டும் நிற்காது. கடைக்காரருக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஓவர்கிளாக் என்பது என்ன? கிராபிக்ஸ் கார்டின் சிப், ஒரு நொடிக்கு இத்தனை கோடித் துடிப்பு என்ற கணக்கில் வேலை செய்கிறது. தயாரித்த நிறுவனம் ஓர் அளவை நிர்ணயித்து அனுப்புகிறது. அதை மென்பொருள் மூலம் உயர்த்துவதே ஓவர்கிளாக். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த இரண்டு சிப்புகளும் ஒரே திறமை உள்ளவை அல்ல. பலவீனமான சிப்பும், வெயில் நாட்டில், சில வருஷம் பழகிய பிறகும் தவறு செய்யாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டே அளவு வைக்கிறார்கள். ஓவர்கிளாக் செய்பவர் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறார். அப்படிக் கை வைப்பது குற்றமல்ல. ஆனால் சேமிப்பு எவ்வளவு என்று தெரியாமல் எடுப்பது புத்திசாலித்தனமும் அல்ல.

இதில் கணக்கு கறாரானது. சிப் தின்னும் மின்சாரம், துடிப்பின் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை மட்டும் 10 சதவிகிதம் கூட்டினால் மின்செலவும் ஏறக்குறைய 10 சதவிகிதம் கூடும். வோல்டேஜை 10 சதவிகிதம் கூட்டினால் 21 சதவிகிதம் கூடும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 33 சதவிகிதம். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வர வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டரில் அதற்குப் பெரிய விசிறிகளும் காற்றோட்டமும் உண்டு. லேப்டாப்பில் இருப்பது விரல் கனத்துப் பெட்டி, இரண்டு சிறு விசிறிகள், சில செம்புக் குழாய்கள். அதே செம்புக் குழாயில்தான் பெரும்பாலும் பிராசஸரின் வெப்பமும் வெளியேற வேண்டும்.

இது பற்றி 2015-ஆம் ஆண்டு ஒரு தகராறே நடந்தது. என்விடியா நிறுவனம் தனது புதிய டிரைவர் மென்பொருளில், லேப்டாப் கார்டுகளை ஓவர்கிளாக் செய்யும் வழியை அடைத்துவிட்டது. லேப்டாப்புகள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல, வழி திறந்திருந்ததே தவறுதலால்தான் என்று காரணம் கூறியது. வாங்கியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனம் இறங்கி வந்து வசதியைத் திருப்பித் தந்தது. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளின் மீது உரிமை உண்டு என்பது நியாயம். லேப்டாப்பின் குளிரூட்டலுக்கு எல்லை உண்டு என்று நிறுவனம் கூறியதும் நியாயமே. உரிமை கிடைத்ததால் எல்லை மறைந்துவிடவில்லை.

கொச்சியில் அந்த எல்லை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 20 டிகிரி குளிர்சாதன அறையில் 75 டிகிரி காட்டுகிற கார்டு, 32 டிகிரி உள்ள அறையில் ஏறக்குறைய 87 டிகிரி காட்டும். பல லேப்டாப் கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இடம் அதுதான். அங்கே போய் நிற்கும் கார்டுக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் கூட்டிக் கொடுத்தாலும் அது ஒரு கையால் வாங்கி மறு கையால் திருப்பிக் கொடுத்துவிடும். மிஞ்சுவது விசிறியின் இரைச்சலும் சூடும்தான். ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக் காற்றும் ஈரமும் அந்தச் சின்ன விசிறிக்குள்ளும்தான் போகின்றன. வெளிநாட்டில் யாரோ குளிர் அறையில் செய்து காட்டிய எண்ணை இங்கே அப்படியே போடுவது, பனிப் பிரதேசத்துக் கம்பளிச் சட்டையைச் சித்திரை மாதத்தில் போட்டுக்கொள்வது போன்றது.

ஆகவே முதல் வேலை வேகத்தைக் கூட்டுவது அல்ல, வெப்பம் போக வழி செய்வது. இந்தத் தீவின் வரலாறே அதற்குச் சாட்சி. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல் வாயிலில் குறுக்கே கிடந்த திட்டை வெட்டிக் கப்பல் வழியை ஆழப்படுத்தினார். வாரிய மண்ணை வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டியதில் உருவானதே இந்த நிலம். அன்று சென்னை மாகாண கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் இதற்கு வந்தது. 1928-இல்தான் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. முதலில் ஆழம், பிறகு கப்பல். இன்றும் வண்டல் சேர்ந்துகொண்டே இருப்பதால் தூர் வாரும் வேலையும் ஓயாமல் நடக்கிறது.

லேப்டாப்பிலும் அந்த வரிசையே சரி. வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுக்க வேண்டும். சில வருஷம் ஆகியிருந்தால், விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து சிப்பின் மேல் தடவிய வெப்பப் பசையை மாற்றச் சொல்லலாம். மெத்தை மீதோ தலையணை மீதோ வைத்து ஆடக் கூடாது. அடிப்பக்கத்துக் காற்று வாசல் அடைபட்டுவிடும். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே வெப்பம் இறங்கும். ஒரே ஒரு ராம் பலகையோடு விற்கப்பட்ட லேப்டாப்பாக இருந்தால், ஜோடியாக இன்னொன்றைப் போடுவது பல விளையாட்டுகளில் ஓவர்கிளாக்கை விட அதிகப் பலன் தரும்.

இவ்வளவும் செய்தபின் அரை மணி நேரம் விளையாடி வெப்பம் பார்க்க வேண்டும். 80 டிகிரிக்குள் நின்றால் கொஞ்சம் இடம் உண்டு. 85-ஐத் தொட்டால் ஓவர்கிளாக் பேச்சையே விட்டுவிடுவது நல்லது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டிப் பார்க்கலாம். வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் மின்செலவு 19 சதவிகிதம் குறைகிறது. அதிகமாகக் குறைத்துவிட்டால் விளையாட்டு நின்று போகும், அவ்வளவே. சிப்புக்குச் சேதம் இல்லை. கொச்சி வெயிலுக்கு இதுவே பொருத்தமான வித்தை.

இடம் இருக்கிறவர்கள் படிப்படியாகப் போகலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். போலித் தளம் ஒன்று அந்தப் பெயரில் கெட்ட மென்பொருளைப் பரப்புகிறது என்று 2021-இல் எம்.எஸ்.ஐ. நிறுவனமே எச்சரித்தது. சிப்பின் வேகத்தை ஒரு தடவைக்கு 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் வண்ணப் புள்ளிகள், சிதறிய முக்கோணங்கள், மினுக்கல் தெரிந்தாலோ, விளையாட்டு திடீரென்று மூடிக்கொண்டாலோ, எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அங்கிருந்து இரண்டு படி இறங்கி நிற்பதே மரியாதை. நினைவகத்தின் வேகத்தைத் தனியாக, வேறொரு நாளில் பார்க்க வேண்டும். இன்றைய நினைவகம் தவறு நேர்ந்தால் தானே கண்டுபிடித்து அதே தகவலைத் திரும்பவும் அனுப்புகிறது. அதனால் எண் ஏறிக்கொண்டே போகும், உண்மையான வேகமோ இறங்கும். எண்ணைப் பார்த்து ஏமாறாமல் விளையாட்டின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். சில நாள் சிக்கலின்றி ஓடிய பிறகே, லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்த அளவு தானாக வரும்படி வைக்கலாம்.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, வோல்டேஜைக் கூட்டுவது. அதிக வெப்பமும் அதிக மின்னோட்டமும் சேர்ந்தால் சிப்புக்குள் மயிரிழையை விடச் சன்னமான உலோகக் கம்பிகள் மெல்ல அரிக்கப்படுகின்றன. அன்றே தெரியாது, சில வருஷம் கழித்துத் தெரியும். இரண்டு, மின் எல்லையை உடைப்பதற்காக கார்டின் உள் மென்பொருளை மாற்றி எழுதுவது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அது போனால் பலகையே போயிற்று. ஓவர்கிளாக் செய்து வந்த சேதத்துக்கு ஈடு இல்லை என்று பல நிறுவனங்கள் உத்தரவாதச் சீட்டிலேயே எழுதியிருக்கின்றன. கை வைப்பதற்கு முன் அந்தச் சீட்டைப் படிப்பது பையனின் கடமை.

இத்தனை பாடுபட்டும் லேப்டாப்பில் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து, பத்துக்குள்தான். இன்றைய கார்டு, வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை தானாகவே வேகத்தை உயர்த்திக்கொள்கிறது. வெளியிலிருந்து கூட்டுவதற்கு மிச்சம் குறைவு. உண்மையான வித்தியாசம் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் விற்கும் லேப்டாப் கார்டு, மாடலுக்குத் தக்கபடி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை மின்சாரம் பெறுகிறது. பெயர் ஒன்று, பலம் வேறு. எத்தனை வாட் என்று வாங்கும்போதே கேட்காதவர், பிறகு ஓவர்கிளாக் செய்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் தகப்பனார் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்வதற்கில்லை. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் பையன், நாளை நல்ல தொழில்நுட்பக்காரனாக வருவான். அதைத் தொடாதே என்று அதட்டினால் அவன் ராத்திரியில், யாருக்கும் தெரியாமல், முறை தெரியாமல் செய்வான். பக்கத்தில் உட்கார்ந்து, வெப்ப அளவைக் குறித்து வைக்கச் சொல்லி, ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதச் சொன்னால், அதுவே ஒரு படிப்பாகிவிடும். எழுதிய அளவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று பெர்த்தில் தினமும் பார்க்கும் தொழிலாளிக்குத் தன் மகனுக்கு இந்தப் பாடம் சொல்லித்தர கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.