தம்பிதானே என்று இருந்துவிட்டேன்

போன இதழில் வடாம் வற்றல் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை சமையலறையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். காரணம், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஒரு குழந்தை. போன வாரம் உறை மோர் வாங்க வந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமி, அம்மாவோட பணத்தையெல்லாம் அண்ணாதான் பார்த்துக்கறான். எவ்வளவு இருக்குன்னு நான் கேட்டா தப்பா நினைச்சுப்பாங்களோ?"

அவளுக்கு அன்றைக்கு என்ன சொன்னேனோ, அதையே இங்கே எழுதுகிறேன். என் கதைதான். எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டபோது, "நாலு பேருக்கு உபயோகமா இருந்தா எழுதேன்" என்றாள்.

என் அப்பா ஹைஸ்கூல் வாத்தியார். 2019-ல் காலமானார். அவர் ரிடையரான பணத்தில் ஆறு லட்சத்தை மூன்று டெபாசிட்டாக அம்மா பெயரில் போட்டிருந்தார். மாதாமாதம் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷனும் வரும். அம்மா கும்பகோணத்தில், தம்பி அதே தெருவில் நாலு வீடு தள்ளி. நான் திருச்சியில். "பாங்கிக்கு நான் எங்கே அலையறது? அவனே பார்த்துக்கட்டும்" என்று அம்மா ஏ.டி.எம். கார்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள். பாங்கிக் கணக்குக்கு அவனுடைய செல்போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். லாக்கரும் அம்மா, தம்பி இரண்டு பேர் பெயரில். யார் வேண்டுமானாலும் தனியாகத் திறக்கலாம். அதில் என்னுடைய நகையும் இருந்தது. இரட்டை வடச் சங்கிலி, நாலு வளையல், மொத்தம் 11 சவரன். வாடகை வீட்டில் எதற்கு என்று நானேதான் வைத்தேன்.

இதில் எனக்கு ஒரு தப்பும் தோன்றவில்லை. தம்பி கெட்டவன் இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் பெஞ்சில் படுத்துக் கிடந்தவன் அவன்தான்.

2023 ஜூலையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்குப் போனேன். செலவுக்குப் பணம் எடுக்கவேண்டும். தம்பி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். பாஸ் புத்தகத்தில் மூன்று வருஷமாக வரவு செலவு பதியவே இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு நானே பாங்கிக்குப் போனேன். மெஷினில் பக்கம் பக்கமாக அச்சாகி வந்தது. கடைசி வரியில் ரூ. 3,412.

கவுண்டரில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "டெபாசிட் மூணும் இல்லீங்களே. ஆன்லைன்லயே முன்கூட்டி முடிச்சிருக்காங்க." லாக்கரைத் திறந்து பார்த்தோம். அம்மாவின் வெள்ளிப் பாத்திரங்கள் இருந்தன. என் நகைப்பெட்டி காலி. சாவியை மடியில் முடிந்துகொண்டு, "மறுபடி நன்னாப் பாரு, துணிக்கு அடியில இருக்கும்" என்று அம்மா சொன்னாளே, அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

தம்பிக்குப் போன் செய்தேன். முதல் நாள் "அதெல்லாம் இல்லக்கா, வேற பாங்கில மாத்திப் போட்டிருக்கேன்" என்றான். இரண்டாம் நாள் "என்னை நம்பலையா? இத்தனை வருஷம் அம்மாவைப் பார்த்துண்டது யாரு?" என்று கோபித்தான். மூன்றாம் நாள் நேரில் வந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

செல்போனிலேயே பங்கு வியாபாரம். அதிலும் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்கிறார்களே, அது. முதலில் தன் சம்பளத்தில் இருபதாயிரம் போட்டு விட்டான். விட்டதைப் பிடிக்க அம்மாவின் பென்ஷனில் கை வைத்தான். அதைப் பிடிக்க டெபாசிட். அதையும் பிடிக்க என் நகையை, தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டு, அடகு வைத்து மூணேகால் லட்சம். ஒவ்வொரு தடவையும் "அடுத்த மாதம் போட்டுவிடலாம்" என்றுதான் எடுத்தானாம். திருட வேண்டும் என்று நினைத்து எடுக்கவில்லை என்றான். நம்புகிறேன். ஆனால் காலியான பெட்டி அதனால் நிரம்பிவிடுமா?

பிற்பாடு 2024-ல் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருஷத்தில் இந்த வகை வியாபாரம் செய்த தனி நபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்களாம். அன்றைக்கே தெரிந்திருந்தால், "ஒரே ஒரு லட்சம் கொடுக்கா, எல்லாத்தையும் மீட்டுடறேன்" என்று அவன் கேட்டபோது எனக்கு அவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்காது. கொடுக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்.

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. பெரியம்மா, "ஆம்பிளைப் பிள்ளை, ஏதோ கஷ்டம், பெரிசு பண்ணாதே" என்றாள். சித்தப்பா, "நேரா போலீசுக்குப் போ" என்றார். அம்மாவோ, "போலீசு கீலீசுன்னு போனே, அப்புறம் என்னை உயிரோட பார்க்க மாட்டே" என்று சாப்பாட்டையே தள்ளிவிட்டாள். என் கணவர் மட்டும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "நகை உன்னோடது, அம்மா உன்னோட அம்மா. நீ என்ன முடிவு பண்றியோ, நான் கூட வரேன்" என்றார். அந்த வார்த்தைக்காக ஆயுசுக்கும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அழுதுகொண்டே என்றாலும், நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஓட்டையை அடைத்தோம். மறுநாளே அம்மாவை பாங்கிக்கு அழைத்துப் போய், பதிவு செய்திருந்த செல் நம்பரை மாற்றினோம். பழைய கார்டை ரத்து செய்து புதுக் கார்டு. நெட் பாங்கிங்கை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். லாக்கரிலிருந்து தம்பி பெயரை எடுத்தோம். லாக்கரை யார் திறந்தாலும் அன்றைக்கே செல்போனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2022 ஜனவரியிலிருந்தே விதி இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அந்தத் தகவல் எல்லாம் திறந்தவனுக்கேதான் போய்க்கொண்டிருந்தது!

அடுத்தது, கணக்கு. மூன்று வருஷ ஸ்டேட்மெண்டை வாங்கி, எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பிறகு தம்பியை உட்காரவைத்து, அவன் கடன் அத்தனையையும் அவன் கைப்பட எழுதச் சொன்னேன். முதல் தடவை எழுதியதில் மூன்று கடன். "இன்னும் யோசி" என்று இரண்டு நாள் விட்டேன். ஆறு ஆனது. முதல் பட்டியலை நம்பிவிடாதீர்கள். ஏமாற்ற நினைத்து இல்லாவிட்டாலும், வெட்கத்தில் மறைப்பார்கள்.

மூன்றாவது, தம்பி மனைவி. அவளும் கூட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பேசிப் பார்த்தால் பாவம், அவள் சங்கிலியும் அடகுக் கடையில்! அவளுக்குத் தெரிந்ததே என்னிடமிருந்துதான். அன்றைக்கு இரண்டு பேரும் கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதோம். பிறகு அவள்தான் என்னைவிட உறுதியாக நின்றாள். வீட்டிலிருந்த காரை விற்கவைத்தவள் அவள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து என் நகையை முதலில் மீட்டோம். அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும், தவறினால் ஏலத்துக்குப் போய்விடும். அதனால்தான் அதை முதலில் பார்த்தோம்.

நாலாவது, எழுத்து. மீதி, அம்மாவின் டெபாசிட் ஆறு லட்சமும் பென்ஷனில் போன 1,40,000-மும். "மாசாமாசம் கொடுத்துடறேன்" என்று வாயால் சொன்னான். வாய் வார்த்தையை நம்பித்தானே இவ்வளவும்? என் கணவரின் நண்பர் ஒரு வக்கீல். அவர்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பற்றிச் சொன்னார். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக உதவுகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே இரு தரப்பும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி எழுதிக்கொண்டால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். கோர்ட் கட்டணமும் கிடையாது. கொடுக்காமல் போனால் அதை வைத்தே வசூலுக்குப் போகலாம். மாதம் ரூ. 9,000 என்று 2023 நவம்பரில் எழுதிக் கையெழுத்தானது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஏழு வருஷம்!

அம்மாவுக்கு முதலில் இதுவும் பிடிக்கவில்லை. "பெத்த பிள்ளைகிட்ட பத்திரமா?" என்றாள். "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறேன்னு நீதானேம்மா சொல்லிக் கொடுத்தே" என்றேன். பேசாமல் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் இப்படித்தான் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தம்பி தப்பை ஒத்துக்கொண்டான், வேலையும் இருந்தது. ஒத்துக்கொள்ளாமல் மிரட்டுகிறவர்கள், பெற்றவர்களை அடிக்கிறவர்கள், மறுபடி மறுபடி எடுக்கிறவர்கள் என்றால் புகார் கொடுக்கத்தான் வேண்டும். அங்கே மானம் பார்த்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். வயதானவர்களுக்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் ஜீவனாம்சம் கேட்டு ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க 2007-ம் வருஷச் சட்டம் இடம் தருகிறது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இது. நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

* அம்மா, அப்பா கணக்குக்கு அவர்களுடைய செல் நம்பர்தான் இருக்கவேண்டும். ஓ.டி.பி. எண்ணைப் பிள்ளைக்கும் சொல்லவேண்டாம். நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் பாங்கி பொறுப்பேற்காது.

* மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாஸ் புத்தகத்தைப் பதிந்து, வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு தரம் படியுங்கள். வழக்கமாகிவிட்டால் யாருக்கும் சந்தேகமாகத் தோன்றாது.

* "நாமினி நான்தானே" என்று தம்பியும் நினைத்திருந்தான், அம்மாவும் நினைத்திருந்தாள். கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு ஓர் உரிமையும் இல்லை. பிறகும் அவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர்தான். 2025 நவம்பரிலிருந்து ஒரு டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம்.

* ஜாமீன் கையெழுத்தை மரியாதைக்காகப் போடாதீர்கள். வாங்கினவர் கட்டாவிட்டால் கடன் முழுவதும் நம் தலையில்தான்.

* வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் தாளின் தலைப்பைப் படியுங்கள். "விடுதலைப் பத்திரம்" என்றால் நம் பங்கை விட்டுக்கொடுப்பது. உயில் இல்லாமல் அப்பா போனால் அவர் சொத்தில் அம்மா, பிள்ளை, பெண் எல்லோருக்கும் சம பங்கு.

* நம் ஆதார், பான் கார்டு நகல் யார் யாரிடமோ இருக்கும். நம் பெயரில் கடன் இருக்கிறதா என்று பார்க்க, சிபில் மாதிரி இருக்கும் நாலு நிறுவனங்களிடமும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை கிடைக்கும்.

இப்போது எப்படி இருக்கிறோம் என்று கேட்பீர்கள். பணம் வந்துகொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு மாதம் தவறியது. கேட்டேன், அடுத்த மாதங்களில் சேர்த்துக் கொடுத்தான். கேட்பதற்கு இப்போது எனக்குக் கூச்சமில்லை. அவன் செல்போனில் அந்த வியாபாரம் இல்லை என்பதை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள்.

மனசு மட்டும் உடனே சரியாகவில்லை. 2024 பொங்கலுக்கு, கனு அன்றைக்குக் காலையில், மஞ்சள் இலையில் கனுப்பிடி வைக்கப் போனேன். கூடப் பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம் வைப்பது. அன்றைக்குக் கை எழவில்லை. கலந்த சாதத்தைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் ரொம்ப நேரம் நின்றேன். காக்காய்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கடைசியில் வைத்தேன். "அவனுக்கு நல்ல புத்தி இருக்கட்டும், எனக்குக் கணக்கு நோட்டு இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டு வைத்தேன்.

வழக்கம்போல் கனுச் சீர் ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருந்தான். அதை நோட்டில் எழுதவில்லை. அது வேறு கணக்கு.

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று வந்தாள். அண்ணாவிடம் கேட்டாளாம். அவன் சிரித்துக்கொண்டே பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டினானாம். எல்லாம் சரியாக இருந்ததாம். "கேட்டது தப்பில்லையே, மாமி?" என்றாள். சரியாக இருந்தால் கேட்டதால் ஒன்றும் குறையாது. சரியாக இல்லாவிட்டால், கேட்காமல் இருந்ததற்குத்தான் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும் என்றேன்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம். அடுத்த இதழில் மறுபடி சமையலறைக்கே போய்விடுவோம். கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைப்பது பற்றிப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள்.