மூடி வைத்த மாடிப்படி

மௌலா அலியில் உள்ள எங்கள் வீட்டு மாடிக்குப் பதினாறு படிகள். அத்தனையும் தேக்கு. இது எனக்கே சென்ற கோடையில்தான் தெரிந்தது என்றால் சிரிப்பீர்கள். முன்பு குடியிருந்தவர்கள் படிகளைக் கம்பளத்தால் மூடி ஆணி அடித்திருந்தார்கள். இருபது வருடங்களாக நாங்களும் அதன் மேலேயே ஏறி இறங்கினோம்.

ஒரு நாள் என் எழுபத்தெட்டு வயது அம்மா, பெயர்ந்திருந்த கம்பள ஓரத்தில் கால் சிக்கித் தடுமாறினார். கைப்பிடியைப் பிடித்ததால் தப்பினார். அன்றே கம்பளத்தை எடுத்துவிடத் தீர்மானித்தேன். “ரிடையரான வயதில் ஆணி பிடுங்குவானேன்? ஆளைக் கூப்பிட்டுப் புதுக் கம்பளம் போடுங்கள்” என்றாள் மனைவி. குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கம்பளம் தேவை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் நமக்கு எதற்கு? பவானி ஜமக்காளத்தையும் வாரங்கல் ஜமக்காளத்தையும் உதறலாம், துவைக்கலாம். ஆணி அடித்த கம்பளத்தை என்ன செய்ய முடியும்?

வேலை நாங்கள் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. மூக்கில் துணி கட்டி, காலில் செருப்புப் போட்டுக்கொண்டு மேல் படியிலிருந்து தொடங்கினோம். ஓரத்தைக் குறடால் பிடித்து இழுத்து, படிக்குப் படி கத்தியால் அறுத்துச் சுருட்டினான் மகன். அடியிலிருந்த நுரை மெத்தை மாவாக உதிர்ந்தது. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்தோம். ஆணியைப் பிடுங்கும்போது மரத்தில் பள்ளம் விழாமலிருக்க, குறடுக்கு அடியில் சிறு பலகைத் துண்டு வைத்தோம். தங்கிவிட்ட ஆணிகளைக் காந்தம் காட்டிக் கொடுத்தது.

படிகளின் ஓரங்களில் பழைய பெயின்ட் இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. பேரக்குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஈரமாக வைத்துச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தெடுத்தோம். பிறகு மர இழை ஓடும் வாக்கில் உப்புத்தாள் போட்டோம். வார்னிஷை ஒரு படி விட்டு ஒரு படி அடித்ததால் மாடிக்குப் போய்வர வழி இருந்தது. பளபளப்பான வார்னிஷ் வழுக்கும் என்று மங்கலானதாக வாங்கினோம்.

பதினோராவது படியில்தான் திடுக்கிட்டேன். கம்பளத்துக்கு அடியில் கரையான் மண் வரிவரியாக ஓடியிருந்தது. பலகையைத் தட்டினால் உள்ளே பொக்கை. அம்மா தினமும் கால் வைத்த படி அது! அதை மட்டும் தச்சரை அழைத்து மாற்றினோம். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாரம் தாங்கும் மரம் கெட்டிருந்தால் தச்சர்தான் பார்க்க வேண்டும். ஆனால் கெட்டிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை.

1966 அக்டோபர் 2-ல் தென் மத்திய ரயில்வே தொடங்கிய காலத்தில் மாற்றலாகி வந்தவர்கள், பின்னர் ஈ.சி.ஐ.எல். போன்ற தொழிற்சாலைகளுக்கு வந்தவர்கள் என்று இந்தப் பக்கம் நம்மவர் பலர். “என்றாவது ஊருக்குத்தானே போகப் போகிறோம்” என்று சொல்லியே வருடங்களை ஓட்டிவிட்டோம். டிவிக்கு உறை, சோபாவுக்கு உறை, படிக்குக் கம்பளம். சொந்த வீட்டிலும் வாடகைக்கு இருப்பவர்போல எதையும் கிளறாமல் வாழ்கிறோம். என் தாத்தா தன் வீட்டுக் கூரை ஓட்டை ஆண்டுதோறும் தானே ஏறிப் பார்த்து மாற்றுவார். அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்தில் ரயிலேறி வரவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. அம்மா வெறுங்காலுடன் மெதுவாக ஏறி, “காரைக்குடியில் சித்தி வீட்டுப் படி மாதிரியே இருக்கிறதடா” என்றார். மனைவியும் இப்போது புதுக் கம்பளம் பற்றிப் பேசுவதில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பல வருடங்களாக மூடியே இருக்கும் மூலை ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள்.