தேதி தவறினால் வீடும் தவறும்

கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுத்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அன்றுதான் நாள் கணக்கு தொடங்குகிறது. கையெழுத்தான ஆவணத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். விலை 50 லட்சம் ரூபாயைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். குறித்த நாளில் விற்பவர் எழுதித் தராவிட்டால், 3 ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும். நடுவில் வங்கிக் கடன், வில்லங்கச் சான்று, மூலப் பத்திரச் சரிபார்ப்பு வேறு. ஒரே சமயத்தில் இருபது ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருக்கும் தரகரோ சிறு கட்டுநரோ இவற்றை டைரியிலும் வாட்ஸ்அப்பிலுமாகச் சிதறவிடுவது சரியல்ல. ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கெடு, பாக்கித் தொகை, பொறுப்பாளர் மூன்றையும் ஒரே திரையில் காட்டி, முன்கூட்டியே நினைவூட்டும் மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றை அலுவலகத்துக்குள் பூட்டி வைக்காமல், வாங்குபவரும் விற்பவரும் தங்கள் ஒப்பந்தத்தின் நிலையைப் பார்க்க வழிசெய்ய வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அந்தத் தேதிகளில்தான் நிற்கிறது. அதை யாரோ ஒருவரின் ஞாபகசக்தியை நம்பி விடக் கூடாது.