முகம் எரிந்து சிவக்கிறதா?

சகோதரிகளே, இறக்காமத்து வயல் வெயிலிலும், நெல் அவிக்கும் அடுப்படியிலும் நின்றால் கன்னமும் மூக்கும் எரிந்து சிவக்கிறதா? அடிக்கடி இப்படி வந்தால் ‘ரொசேசியா’ என்ற தோல் நோயாக இருக்கலாம். இது தொற்றாது. மாநிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, எரிவைக் கவனியுங்கள். மனக்கவலையும் இதைக் கூட்டும்.

காலையும் இரவும் மென்மையான, வாசனையற்ற சோப்பினால் வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவுங்கள். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். வாசனையற்ற, ஈரப்பதம் காக்கும் கிறீம் பூசுங்கள். வெயிலுக்குக் குடை பிடியுங்கள். தேநீரை ஆறவிட்டுக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறு பூச வேண்டாம்.

சில வெள்ளையாக்கும் கிறீம்களில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். முதலில் சுகம் போலிருக்கும். பிறகு நோய் முற்றும். நிறுத்தியதும் சிவப்பு கூடலாம். பயந்து மீண்டும் பூசாமல், அந்த டியூபையும் எடுத்துச் சென்று டொக்டரிடம் காட்டுங்கள். கண்ணும் எரிந்தால் தாமதிக்காதீர்கள்.