பிளாஸ்டிக் அரிசியும் நம்ம வாட்ஸ்அப்பும்

போன மாதம் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கிண்ணத்தில் ரேஷன் அரிசியோடு வந்து நின்றார். "தம்பி, பேங்க்ல வேலை பாத்தவரு நீங்க, நீங்களே பாருங்க. பிளாஸ்டிக்கைக் கலந்துட்டாங்களாம். தண்ணியில போட்டா மிதக்குது." பேத்தியின் போனில் வந்த வீடியோதான் ஆதாரம்.

மிதந்ததில் நாலைந்து அரிசியைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். கருகியது, உருகவில்லை. மீதியை வெந்நீரில் ஊறவைத்து நசுக்கினேன். மாவாகப் போயிற்று. பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி ஒழுகியிருக்கும், நாற்றமும் தாங்காது.

அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, சேமியா பிழிவதுபோல இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். தமிழ்நாட்டில் 2020-ல் திருச்சி மாவட்டத்தில் சோதனை முறையில் தொடங்கியது. அரசுத் திட்டங்கள் எல்லாவற்றிலும் 2024-க்குள் இந்த அரிசிதான் என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார்.

பிளாஸ்டிக் அரிசிக் கதை அதற்கும் முந்தியது. 2017-ல் ஹைதராபாத்தில் பெரிய பீதியே கிளம்பியது. சோற்றை உருட்டி எறிந்தால் பந்துபோலத் துள்ளுகிறதாம். மாவுச்சத்து இறுகினால் நம்ம பொன்னிச் சோறும் துள்ளும். கணக்கையும் பாருங்கள்: பிளாஸ்டிக் குருணை சாதாரண அரிசியைவிட விலை அதிகம். நஷ்டப்பட்டுக் கலப்படம் செய்கிற வியாபாரி எங்கே இருக்கிறார்?

இதனால் நமக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அடிபட்டுப் போகிறது என்பதுதான் கெடுதல். தவிட்டோடு சத்தையும் தீட்டி எடுத்துவிட்டு, அப்புறம் வெளியிலிருந்து வாங்கிக் கலப்பானேன்? தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும், அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் சாப்பிடவே கூடாது என்று இரும்புச்சத்து சேர்த்த உணவுப் பொட்டலத்தில் அச்சிடச் சொல்லியிருந்தது 2018-ன் விதி; 2024-ல் அது நீக்கப்பட்டது. அது இருந்த காலத்திலும், ரேஷன் கடையில் சில்லறையாக அளந்து போட்டபோது அந்த எச்சரிக்கை யார் கண்ணில் பட்டிருக்கும்? ஒரு கூட்டத்தில் நான் இதைக் கேட்டபோது, "நீங்களும் பிளாஸ்டிக் அரிசி கோஷ்டியா சார்?" என்று சிரித்துவிட்டார்கள். பொய் வீடியோவைப் பரப்பியவர்கள் நம்ம வாயை அடைத்துவிட்டார்கள்.

அடுத்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும், கறுப்புக் கவுனி புற்றுநோயைக் கரைக்கும் என்று படங்கள் வருகின்றனவே, அதில் ஒன்றை நானும் என் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினேன். விற்பனை ஏறியது. ஒரு பெரியவர் மூன்று வேளையும் அந்தச் சோற்றையே சாப்பிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரை எகிறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வந்தார். அவர் மகன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், நீங்கதானே அனுப்பினீங்க?"

தீட்டாத பாரம்பரிய அரிசியில் நாரும் சத்தும் அதிகம், உண்மை. ஆனால் எந்த அரிசியானாலும் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு மாவுச்சத்துதான். அது உணவு, மருந்துக்கு மாற்று இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 53-ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அரைத்துப் பொட்டலம் கட்டி விற்கிற நண்பர்கள் கவனிக்கவும். எனக்கு அபராதத்தைவிட அந்த மகன் கேட்ட கேள்விதான் பெரிது.

நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை ஊர் ஊராகத் தேடி, விதைத்துக் காட்டி மீட்டார். அந்த நெல்லுக்குப் பொய் தேவையில்லை. பேங்கில் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகாது. போனில் வருவதற்கும் அதேதான்: யார் சொன்னது, எப்போது, எதை வைத்து? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

என் பொட்டலத்தில் இப்போது ரகம், அறுத்த மாதம், எத்தனை தீட்டு, விளைந்த ஊர், என் போன் நம்பர் இவ்வளவுதான் இருக்கிறது. விற்பனை கொஞ்சம் குறைந்தது நிஜம். அந்தப் பெரியவர் வீட்டில் மட்டும் இன்னும் என்னிடம்தான் வாங்குகிறார்கள், மாத்திரையும் போடுகிறார்.