தோரியம்: கையிருப்பு உண்டு, மின்சாரம் எப்போது?

புதுதில்லி: அணுமின் உற்பத்தி குறித்து நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போதெல்லாம் தோரியமும் பேசப்படுகிறது. கடலோர மணல் உள்ளிட்ட படிவுகளில் சுமார் 1.19 கோடி டன் மோனசைட், அதில் ஏறத்தாழ 10.7 லட்சம் டன் தோரியம் என்பது அரசு அவையில் அளித்த கணக்கு. உறுப்பினர்களுக்குப் பெருமிதம் தரும் இந்த எண், எதிர்பார்ப்பையும் அளவுக்கு மீறி வளர்த்துவிட்டது.

1828-இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கண்டறிந்த தனிமம் தோரியம். அதன் கதிரியக்கம் 1898-இல் தெரியவந்தது. அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அன்றைய திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சியில் 1909-இல் மோனசைட் கண்டறியப்பட்டபோது, காஸ் விளக்கு மேண்டிலுக்காகவே அது தேடப்பட்டது.

தோரியத்தைக் கொண்டு மட்டும் அணு உலையை இயக்க முடியாது. அது நியூட்ரானை ஏற்று யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருளாகும். அந்த நியூட்ரானை முதலில் யுரேனியமோ புளூட்டோனியமோ தர வேண்டும். எனவேதான் 1950-களில் ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டம் வகுத்தார்: முதலில் கனநீர் உலைகள், அடுத்து அவை தரும் புளூட்டோனியத்தில் இயங்கும் ஈனுலைகள், இறுதியில் தோரியம்.

சிக்கல் இரண்டாம் கட்டத்தில் உள்ளது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கியது. எரிபொருள் நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. யுரேனியம்-233 எரிபொருளில் 1996 முதல் இயங்கிய காமினி உலையும் அங்குதான் உள்ளது. ஆனால், அது வெறும் 30 கிலோவாட் திறனுள்ள ஆய்வு உலை.

தாமதத்துக்கு அலட்சியம் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. திரவ சோடியத்தைக் கையாள்வது எளிதன்று. யுரேனியம்-233 உடன் உருவாகும் யுரேனியம்-232 வழியே கடும் காமா கதிர்வீச்சு எழுவதால், எரிபொருள் தயாரிப்பைத் தடித்த காப்புச் சுவருக்கு அப்பாலிருந்தே செய்தாக வேண்டும்.

ஈனுலைகள் வணிக ரீதியில் இயங்கத் தொடங்கி 30 முதல் 40 ஆண்டுகளுக்குப் பிறகே தோரியம் பெருமளவில் பயன்படும் என அணுசக்தித் துறையே கூறியுள்ளது. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின் திறன் என்பது 2025 பட்ஜெட் அறிவித்த இலக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இலக்கில் தோரியத்தின் பங்கு சொற்பமே. யுரேனியத் தேவையே பெருகும்.

ஆகவே, தோரியம் எவ்வளவு உள்ளது என்று மீண்டும் கேட்பதில் பயனில்லை. அடுத்த ஈனுலைகள் எப்போது, எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலைகள் எத்தனை என்பவையே அவையில் எழ வேண்டிய கேள்விகள்.