நஞ்சூறிய பச்சை

பச்சை என்றால் நம் மக்களுக்குத் தனி வாஞ்சை. பள்ளிவாசல் கதவுக்கும் குர்ஆன் உறைக்கும் முதலில் நினைவில் எழுவது அந்நிறமே. திருப்பனந்தாள் வட்டாரத்தில் நாற்றங்கால் தளிர்த்து நிற்கையில், அந்தப் பச்சையை அப்படியே அள்ளிச் சுவரில் பூசிக்கொள்ளலாகாதா என்று ஏங்காதவர் இரார். ஐரோப்பியருக்கும் அந்த ஏக்கம் இருந்தது. இலையின் பச்சையோ சாயமாக நிலைப்பதில்லை.

1775இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே, செம்பையும் பாஷாணத்தையும் சேர்த்துப் பளிச்சென்ற பச்சையைப் படைத்தார். 1814இல் ஜெர்மனியில் அதனினும் ஒளிமிக்க மரகதப் பச்சை பிறந்தது. பாரிஸ் பச்சை என்பதும் அதுவே. சுவர்த்தாள், ஆடை, விளையாட்டுப் பொருள் எங்கும் அது பரவியது. லண்டனில் செயற்கைப் பூவின் இலைகளுக்கு அப்பொடியைத் தூவிவந்த மெட்டில்டா ஷூரர் என்ற பெண் 1861 நவம்பரில் மாண்டாள். வயது 19. பச்சை நீராக வாந்தியெடுத்தாள்; கண்ணின் வெண்மையும் பச்சையாயிற்று; காண்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்றாளாம். சீமாட்டிகளின் கூந்தலில் அந்தப் பூக்கள் சிரித்துக்கொண்டிருந்தன!

ஈரச் சுவரில் படரும் பூஞ்சணம் இந்தச் சாயத்திலிருந்து பாஷாண வாயுவை எழுப்பும் என்பதை இத்தாலிய அறிஞர் கோசியோ 1890களில் காட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் பிரிட்டனில் இத்தகைய சுவர்த்தாளைத் தடுக்கச் சட்டமே வரவில்லை. வணிகர் குரல் அவ்வளவு வலிது.

சுவரை விட்டிறங்கிய பாரிஸ் பச்சை, பின்னர் பூச்சிக்கொல்லியாகி நீர்நிலைகளுக்கு வந்தது. அது வந்த காரணத்தை நம் தஞ்சைச் சீமையும் நன்கறியும். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று, புதுக் கால்வாய் நீர் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தது. நெல்லோடு மலேரியாவும் விளைந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தின் பால் ரசல் அங்கே தங்கி ஆராய்ந்தார். அந்நாளில் உலகெங்கும் கொசுப்புழுவுக்குக் கைகண்ட மருந்து பாரிஸ் பச்சை. நூறு பங்கு புழுதியில் ஒரு பங்கு கலந்து நீரில் தூவுவர். மலேரியாக் கொசுவின் புழு நீர்ப்பரப்பில் கிடந்து, மிதப்பவற்றை உண்பது. அந்தத் துகளையும் உண்டு மடியும். ஆளைக் கொன்ற பொடி ஆளைக் காத்தது என்றே சொல்லவேண்டும். 1940களில் டி.டி.டி. வந்து அதை ஓரங்கட்டியது. அதன் கதை வேறு.

இன்றைய வண்ணப் பூச்சுகளின் பச்சையில் பாஷாணம் சேர்ப்பதில்லை, கவலை வேண்டாம். ஆனால் பழைய நூல்கள்? 19ஆம் நூற்றாண்டு நடுவில் ஐரோப்பாவில் துணி அட்டை கட்டிய சில நூல்களில் மரகதப் பச்சை உண்டென்று, 2019 முதல் அமெரிக்காவின் வின்டர்தர் அருங்காட்சியகத்தார் சோதித்துக் கண்டுவருகின்றனர். 2024இல் பிரான்சின் தேசிய நூலகம் அத்தகைய நான்கு நூல்களை அடுக்கிலிருந்து அகற்றியது. பாட்டனார் பெட்டியில் அக்காலத்துப் பளிச்சென்ற பச்சை அட்டை ஆங்கில நூல் ஏதும் கிடைத்தால், எரித்துவிடாதீர்கள். பாஷாணம் புகையோடு எழும். பிளாஸ்டிக் பையிலிட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடுங்கள்.